இதர

பத்தாம் தேதியே மாதம் முடிந்துவிட்டது.
காலண்டரில்தான் இன்னும் இருபது தாள் தொங்குகிறது.

அருமனை பலசரக்குக் கடைக்காரர் தந்த காலண்டர்.
கிழித்த தாளின் முன்பக்கம் ராகுகாலம்,
எங்களுக்கு அதில் விசுவாசம் இல்லை.
பின்பக்கம் வெள்ளை. அதில் கணக்கு.

அரிசி ரேஷனில் வந்துவிடும்.
பாமாயிலும் வரும், வருகிற மாதங்களில்.
சாளை வராது.
"கிலோ இருநூறு, சேச்சி" என்கிறான் மீன்காரன்.
"நேத்தும் இதத்தான சொன்ன" என்கிறேன்,
இன்று வாங்கப்போகிறவள்போல.
மரச்சீனி அவித்து, காந்தாரி மிளகாய் உடைத்து,
தட்டில் மீனுக்குள்ள இடத்தை விட்டுவிட்டுச்
சாப்பிடுகிறான் அஜின். வேண்டுமென்றே.
எனக்குக் கோபமும் சிரிப்பும்.

அண்டியாபீசுக்கு
டிக்கெட் இல்லாத பஸ் ஏழு பத்துக்கு.
அது வராத நாளில் ஏழரைக்கு மினிபஸ் உண்டு,
பன்னிரண்டு ரூபாய்.
நான் எட்டுமணிவரை நிற்பேன்.
எட்டுக்குப் போனால்
முழுப்பருப்பாய் உரிகிற கொட்டையெல்லாம்
முந்தி வந்தவர்களின் முறத்தில்.
எனக்கு வாய்ப்பது நொறுங்கும்.
நொறுங்கினதற்குக் கூலி குறைவு.
அந்தப் பன்னிரண்டு ரூபாயை மிச்சம் பிடித்ததில்
எவ்வளவு போனது என்று
ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை.
சில கணக்குகளைப் போடாமல் விட்டால்தான்
கணக்கு நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலை
மேரிஜெயம் வீட்டு முற்றத்தில் பத்துப் பெண்கள்.
தவணை பிரிக்கிற பையன் விழுப்புரத்துக்காரன்,
டையை அவிழ்த்துப் பையில் வைத்திருக்கிறான், வியர்வை.
ஒன்பதுபேர் கொடுத்தாயிற்று.
பிரபலா இல்லை. போன் எடுக்கவில்லை.
வீட்டில் பூட்டு, கோழி மட்டும் வெளியே.

"பத்தாவது ஆள் கட்டாம யாரும் போக முடியாதுக்கா."

போன தை மாதம் நான் வராதபோது
இதே முற்றத்தில் இருந்தவர்கள்தான் எல்லோரும்.
யாரும் அதைச் சொல்லவில்லை.
சொல்லாமல் இருந்ததை எல்லோரும் கேட்டோம்.

கேஸ் சிலிண்டருக்கு வைத்திருந்த பணம்
ஜாக்கெட்டுக்குள் ஈரமாக இருந்தது.
அதிலிருந்து நூற்றியிருபது.
லில்லிபாய் எழுபது போட்டாள், வாயில் ஏதோ முணுமுணுத்து.
மேரிஜெயம் பிள்ளையின் உண்டியலைக் கவிழ்த்தாள்,
ஒரு கம்மலும் விழுந்தது; மூவரும் பார்த்தோம்,
எடுத்துத் திரும்பப் போட்டாள்.

பையன் சில்லறையை இரண்டுமுறை எண்ணினான்.
குறைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.
கட்டஞ்சாயா கொடுத்தோம்.
"பைக்குக்கு எனக்கும் இன்னிக்குத்தான் டியூ" என்றான்,
யாரையும் பார்க்காமல்.
டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இரவு, கழிந்த செவ்வாயின் முதுகில்
பிரபலா நூற்றியிருபது என்று எழுதினேன்.
வரவா செலவா தெரியவில்லை.
அவள் தந்தால் வரவு.
தராவிட்டாலும்
தையில் வாங்கினது தீர்ந்த வகையில் ஏதோ ஒன்று.
அடித்துவிட்டு
இதர என்று போட்டேன்.
அந்தச் சொல் நல்ல சொல்.
எதைக் கொண்டுபோனாலும் உள்ளே விடும்.

மூன்று மணிக்கு ஓட்டில் மழை.
வில்பிரட் எழுந்து நெற்றி லைட்டைக் கட்டினவர்
கதவைத் திறந்து கை நீட்டிப் பார்த்தார்.
இன்று பால்வெட்டு இல்லை.
நானூறு மரமும் சும்மா நனையும்.
லைட்டை அணைத்துவிட்டு வந்து கிடந்தார்.

"உறங்கல்லியா?"
"உறங்கிட்டேன்."

இருட்டில் இரண்டுபேரும்
ஒரே தொகையிலிருந்து எதையோ கழித்துக்கொண்டிருந்தோம்.
அவர் எதைக் கழித்தார் என்று நான் கேட்கவில்லை.
அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
சிலிண்டரை லேசாகச் சாய்த்து வைத்தால்
இன்னும் இரண்டுநாள் எரியும்.