இரண்டு இறாத்தல்

முல்லைத்தீவில் அது கடலுக்கான கடை.
சுவரெல்லாம் கயிறு, மிதவை, ஈயக்குண்டு,
சுறா இழுத்தாலும் அறாத தங்கூசி.
இரண்டு இறாத்தல் இருக்கிறதா என்று கேட்டேன்.
"என்னக்கா, நுளம்பு பிடிக்கவோ?"
என்றான் நிரோஜிதன்.
லாச்சியைக் கிளறி
பழைய பில் புத்தகத்துக்கும் செத்த பல்லிக்கும் கீழேயிருந்து
ஒரு சுருளை எடுத்து ஊதித் தந்தான்.
விலை அவனுக்கும் தெரியவில்லை.

றீல் தம்பி அனுப்பியது, வினிபெக்கிலிருந்து,
சொக்லேட்டுக்கும் கம்பளிக் காலுறைக்கும் நடுவில்.
உறைந்த ஏரியில் ஒரு சாண் துளை போட்டு
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்து
மீன் பிடிக்கிறவர்களின் றீல்.
உள்ளங்கைக்குள் அடங்கும்.
கைபிடி புளியங்கொட்டை அளவு.
குளிருக்கென்று போட்ட எண்ணெய்
இங்கத்தைய வெயிலில் இளகி
என் சட்டையில் வடிந்தது.

நான் தையற்காரி.
ஒட்டுசுட்டானில் பள்ளிக்கூடச் சீருடை
முக்கால்வாசி என் கையால்தான்.
பொபின் சுற்றிச் சுற்றி விரலுக்கு ஒரு கணக்கு வந்திருக்கிறது:
இறுக்கினால் நூல் நூலுக்குள் புதையும்,
தளரவிட்டால் வட்டம் வட்டமாய்ப் பொங்கும்.
தங்கூசிக்கு இன்னொன்றும் உண்டு, ஞாபகம்.
லாச்சிக்குள் எப்படிச் சுருண்டு கிடந்ததோ
அப்படியே திரும்பவும் சுருளப் பார்க்கும்.
இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டேன்.
அடியில் தடித்த நூல் பத்து முழம், வழுக்காமலிருக்க.
அதோடு மெல்லியதை முடிந்தேன்
எச்சில் தொட்டு, மெதுவாய் இறுக்கி.
காய்ந்த முடிச்சு தன்னையே அறுக்கும்.
சுருளைப் பென்சிலில் கோத்து
கால் பெருவிரல்களுக்கிடையில் நிறுத்தி
ஈரச் சீத்தைத் துண்டால் நூலைப் பிடித்துச் சுற்றினேன்.
லைட்டைப் போட்டும் நூல் கண்ணுக்குத் தெரியவில்லை.
விரல்தான் பார்த்தது.

போன வருசம் இருபது இறாத்தல் போட்டிருந்தேன்.
முத்தையன்கட்டில், துருசடியில்,
தண்ணீர் வற்றின ஆவணி.
விரால் என்றுதான் நினைத்தேன், அப்படிப் பாரம்.
நூல் அறவில்லை. உள்ளங்கை அறுந்தது.
வந்தது ஒரு தையல் மெசினின் தலை.
சில்லு ஓடவில்லை.
தகட்டைத் தள்ளிச் சேற்றை வழித்தால்
பொபினில் வெள்ளை நூல், பாதி தீர்ந்தபடி. உக்கவில்லை.
ஊசிக்குக் கீழே பாதம் இறக்கியபடியே இருந்தது.
தைத்து முடித்தால் நாங்கள் பாதத்தைத் தூக்கிவிடுவோம்.

கடைவாசலில் மூன்று கிழமை வைத்திருந்தேன்.
இரண்டு பேர் வந்து இலக்கத்தை வாசித்தார்கள்.
ஒருத்தி தன்னுடையதில்லை என்று சொன்ன பிறகும்
கொஞ்சநேரம் சில்லில் கைவைத்து நின்றாள்.
இப்போது வெட்டுமேசைக்குக் கீழே கிடக்கிறது.
கால் இடிக்கிறது.

அதனால்தான் இரண்டு இறாத்தல்.
அடியில் எதில் கொளுவினாலும் அறுந்து
அதை அங்கேயே விட்டுவிடுகிற நூல்.

தம்பி இரவு எடுத்தான்.
அவனுக்குக் காலை, மைனஸ் இருபத்தாறு.
துளைக்குள் திரும்பத் திரும்ப ஐஸ் படிகிறதாம்,
கரண்டியால் வழித்துக்கொண்டே கதைத்தான்.
"எத்தினை இறாத்தல் போட்டனீ?"
"ரெண்டு."
"பெருசு வந்தா அறுந்திடுமெல்லோ?"
"ஓம்" என்றேன்.
கரண்டிச் சத்தம் கொஞ்சம் நின்று
பிறகு தொடங்கியது.

நுனியை நகவெட்டியால் வெட்டினேன்.
துணிக் கத்தரிக்கோலைத் தங்கூசிக்குக் காட்டக்கூடாது.
விளிம்புக்கு ஒரு நெல்லளவு கீழே நூல் நிற்கிறது.
அதற்குமேல் ஆசைப்பட்டால் சிக்கும்.

தை மாதம், குளம் முட்டி நிற்கிறது.
ஞாயிறு விடியத் துருசடிக்குப் போகாமல்
மற்றக் கரையால் நடந்தேன்.
கோதுமைமா உருண்டை, கடுகளவு.
முதலில் ஒரு ஜப்பான், நாலு விரல் அகலம்.
இழுத்துக்கொண்டு ஓடியது.
குட்டி றீல் கிர்ரென்று சுழல
மணலில்
என் வலது கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டிருந்தது.