பத்தாவது தடவை

குல்மார்க் பனிச்சறுக்கு, ஆளுக்கு நாற்பத்திரண்டாயிரம்
என்று வந்தது டிராவல்ஸ்காரனின் வாட்ஸ்அப்.
விமானம் தனி. கம்பளிச் சட்டை வாடகை தனி.
விழுந்து அடிபட்டால் கம்பெனி பொறுப்பல்ல.
வின்சிலா இரண்டு தரம் படித்தாள்.
"சவம், விழுகதுக்கா இத்தற ரூவா?"

சங்கத்தில் நகை ஏலம் முடிந்த வெள்ளிக்கிழமை அது.
எத்தனை சோப்புப் போட்டும்
விரலில் பிறர் கழுத்தின் வாசம்.

மறுநாள் காலை குலசேகரம் தாண்டி,
பஸ் மூச்சுவாங்கித் திரும்பும் இடமும் தாண்டி,
அவள் கொழுந்தனின் ரப்பர் தோட்டத்தில் நின்றோம்.
தை மாதம். மரங்கள் மொத்த இலையும் கொட்டிவிட்டு
எக்ஸ்ரேக்கு நிற்பவர்கள்போல் நின்றன.
எங்கள் பக்கம் பனி என்றால்
தலையில் துண்டைக் கட்டு என்று அர்த்தம்;
அதற்குமேல் அது எதுவும் செய்ததில்லை.
சரிவெங்கும் கணுக்கால் ஆழத்துக்கு இலை,
கருப்பட்டி நிறத்தில், மொரமொரவென்று.
வெள்ளை வேண்டுமென்றால்
சிரட்டைகளில் ஒட்டிக் காய்ந்த பால்தான்.

ஆளுக்கொரு கமுகம்பாளை.
முதல் தடவை பாளை போயிற்று, நான் போகவில்லை.
இரண்டாம் தடவை நான் போனேன், பாளை வரவில்லை.
மூன்றாவதில் வின்சிலா முதுகில் கைவைத்து
ஒரு தள்ளு

மரம் மரம் மரம் சிரட்டை மரம்
சுடிதாருக்குள் இலை வாய்க்குள் இலை
நாற்பத்து நான்கு வயதும் தைராய்டு மாத்திரையும்
மேலேயே நின்றுவிட
கீழே வந்து சேர்ந்தது
யாருடையது என்றே தெரியாத ஒரு சிரிப்பு.

ஒன்பது தடவை. பத்தாவதில் இடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை, திற்பரப்புச் சாலை ஆயுர்வேத நிலையம்.
இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தள்ளுபடி.
தோணி மாதிரிக் குழிந்த பலகையில் குப்புறக் கிடந்தேன்.
சரோஜபாய் எண்ணெயைச் சூடு பார்த்து
நடுமுதுகில் ஊற்றினாள்.
குழம்பு வாசத்துக்கு அடியில்
புளித்த ரப்பர்பால் நாற்றம், லேசாக.
அவள் கட்டைவிரல் இடுப்பெலும்பைச் சுற்றி வந்து
சரியாய் அந்த இடத்தில் நின்றது.
"எங்க விழுந்திய?"
சொன்னேன், தோட்டத்தின் பெயரோடு.
விரல் ஒரு கணம் அசையவில்லை.
"அந்தச் சரிவுலதான் காலைல நான் பாலெடுக்கது.
முந்நூறு மரம்.
இலை விழுந்தா வழுக்கும். ரெண்டு கையிலயும் வாளி,
பிடிக்க ஒண்ணும் கெடைக்காது.
போன கொல்லம் பதினாறு லிட்டர் போச்சு.
கூலில பிடிச்சினும்."
பிறகு சிரித்தாள்.
"நீங்க பாளைல இருந்தா போனிய? கொள்ளாமே.
எனக்குத் தோணல்ல பாத்துக்கிடுங்க."

ஆவிப்பெட்டியில் கழுத்துவரை அடைத்தார்கள்.
அறையில் இரண்டு பெட்டி, இரண்டு தலை.
உடம்பு இல்லாவிட்டால் பேசுவது எளிது போலும்.
மஸ்கட்டிலிருந்து இப்போது மாதம் ஒரு போன்தான்
என்றது வின்சிலாவின் தலை.
அங்கே ஒருத்தி இருக்கிறாள், பெயர்கூடத் தெரியும் என்றது.
முகம் துடைக்கக் கை வெளியே இல்லை.
வேர்வை எது, மற்றது எது என்று
பார்த்துவிடக் கூடாதென்று
எதிரே சுவர்க்கடிகாரத்தை முறைத்தேன்.
இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.
"பேரு என்னட்டி?" என்றேன் கடைசியில்.
சொன்னாள்.
நல்ல பெயர்தான். அதுதான் எரிச்சல்.
நான் அப்படியே சொல்லிவிட்டேன்.
இருவரும் சிரித்ததில் பெட்டிகள் ஆடின.

திங்கள் காலை பத்து மணிக்கு
ஒருவர் மூன்று பவுன் செயினோடு வந்து நின்றார்.
பேனா எடுக்கக் கைப்பையைத் திறந்ததில்
பூஜ்யத்தில் இருந்த தராசுத் தட்டில்
ஓர் இலைத்துணுக்கு விழுந்தது.
அறுபது மில்லி காட்டியது.
அடுத்த மேசையிலிருந்து வின்சிலா எட்டிப் பார்த்தாள்.
"அத அடகு பிடிச்சிராதட்டி" என்றாள்.