ஏழாம் இலக்கக் கணினி

பதினான்கு கணினிகள்.
உயிரோடு ஒன்பது.
எங்கள் ஐந்து பேருக்கும்
மூலையில் இருக்கிற ஏழாம் இலக்கம்.
அதில் இடைவெளி விசை ஒட்டிக்கொள்ளும்.
ஒருக்கால் தட்டினால்
சொற்கள் தள்ளித் தள்ளிப் போய் நிற்கும்,
கோபம் போட்டவர்கள் மாதிரி.

மிஸ் தந்த படிவத்தில் பதினொரு கட்டம்.
செயற்றிட்டத்தின் பெயர். பிரச்சினை. பயனர் யார்.
யார் யாருக்கு என்ன வேலை.
வெள்ளிக்கிழமைக்குள்.

சீட்டுப் போட்டதில்
தலைமை என்மேல் விழுந்தது.
விழுந்தது என்பதுதான் சரியான சொல்.

நிரல் எழுதுவது இம்தாத்.
வேறு யாரும் எழுதினால் அவனுக்குக் கை அரிக்கும்.
சிஃப்னா, திரை வடிவமைப்பு:
என்ன செய்யப்போகிறோம் என்று தெரிவதற்கு முன்னமே
நீலம் என்று முடிவெடுத்துவிட்டாள்.
அறிக்கை டிலுக்சன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்,
அச்சுப்பொறியில் மை இல்லாதது தெரியாது.
மிச்சம் இருந்தது ஜெனோசன்.
அவனுக்கு நேரே
'ஏனையவை' என்று எழுதினேன்.

அவன் பார்க்கவில்லை.
மேசையில் கன்னம் வைத்து நித்திரை.
விடிய நாலரைக்குச் சித்தப்பாவின் பாண் ஓட்டோவில்
பின்னுக்கு ஏறுகிறவன்.

நூலக முகாமை என்றான் டிலுக்சன்.
போன வருடமும் அதுதான், அதற்கு முந்திய வருடமும்.
நிலாவெளி ஹோட்டல்களுக்கு அறை பதிய ஒரு செயலி
என்றான் இம்தாத்,
ஹோட்டலில் ஒரு இரவும் படுத்திராதவன்.

'மான்' என்றாள் சிஃப்னா.

கோட்டை வாசலடியில் போன மாதம்
அவளுடைய வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக்
குறுக்கே பாய்ந்தது ஒன்று.
முழங்கால் இன்னும் மடங்காது.
வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் காலைக் கேட்டார்கள்.
மானுக்கு என்ன நடந்தது என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

கம்பத்தில் ஒரு உணரி.
மான் வந்தால் மஞ்சள் வெளிச்சம்.
உணரியின் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு
ஒரு நிமிடம் பேசாமல் இருந்தோம்.

பிறகு மூன்றாவது கட்டம்.
பயனர் ஓட்டுநர் என்றான் இம்தாத்.
மான் என்றாள் சிஃப்னா.
'மானுக்குக் கடவுச்சொல் இருக்கா?'
பக்கத்துக் குழுவும் சேர்ந்து சிரித்தது.

இடைவேளைக்கு
பாய்ச்சற்கோட்டுப் படத்தை மதிலில் வைத்து
மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போனான் டிலுக்சன்.
திரும்பி வந்தால்
மைதானத்து மான் மென்றுகொண்டிருக்கிறது.
'தொடக்கம்' போய்விட்டது.
சாய்சதுரத்தில் பாதி போய்விட்டது.
'ஆம்' முழுக்கப் போய்,
எச்சில் ஊறிய 'இல்லை' மட்டும்
அவன் கையில் மிஞ்சியது.

அடுத்த பாடத்தில் கரண்ட் போனது.
காற்றாடி நின்றதும் ஜெனோசன் எழும்பினான்.
நடந்ததைச் சொன்னோம்.
சிரிக்கவில்லை.
படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் கோடு இழுத்தான்:
இது டைக் வீதி. இது கடற்கரை. இது பஸ் நிலையம்.
'நாலே முக்காலுக்கு இதில பதினேழு நிக்கும்.
குப்பை எடுக்கிற நாளெண்டா இருபத்திமூண்டு.
கொம்பு முறிஞ்சவர் கடைசியாத்தான் கடப்பார்.
மழையெண்டா எல்லாம் மார்க்கெட் தாவாரத்துக்கு வந்திரும்.
ரெண்டு பேர் பாண் மெட்டுக் கேட்டாலே
றோட்டுக்கு வந்து நிப்பினம்.'

'இது தரவடா' என்றான் இம்தாத்.
'தரவோ? நான் சும்மா பாத்தது.'

இம்தாத் தன்னுடைய பேனையை
அவனிடமே விட்டுவிட்டான்.
உணரி பற்றி அதற்குப் பிறகு
ஒருத்தரும் கதைக்கவில்லை.

கரண்ட் வந்தது.
முறையாக மூடவில்லை என்று
ஏழாம் இலக்கம் எங்களைக் குற்றம் சொன்னது.
ஜெனோசன் திரும்பவும் நித்திரை.
'ஏனையவை'யை அழித்தேன்.
அந்த இடத்துக்கு என்ன சொல் வரும் என்று
இன்னும் தெரியவில்லை.

பயனர் கட்டத்தில் 'மான்' என்று அடித்து,
இடைவெளி ஒன்று தட்டி,
'ஓட்டுநர்' என்று அடித்தேன்.
விசை ஒட்டிக்கொண்டது.
இரண்டு சொல்லுக்கும் நடுவில்
ஒரு வீதி அகலத்துக்கு வெள்ளை.

அப்படியே சேமித்தேன்.