ஒன்று புள்ளி ஒன்று

உள்ளே இருப்பது ஒரு கண்.
சிமெண்ட் ஆலையின் கொள்கலனில்
மாவு எவ்வளவு உயரம் என்று
நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தது.
ஆலையை மூடிவிட்டார்கள்.
இதற்கு இமை கிடையாது.

ஈயத்தில் புதைத்து, எஃகுப் பீப்பாயில் அடைத்து
இன்று காலை என் வாசலுக்கு வந்திருக்கிறது,
பெயர் கேட்டு.

சீசியம் நூற்று முப்பத்தேழு, எழுதினேன்.
திடப்பொருள், எழுதினேன்.
எண்பத்தொன்றில் மூன்று கியூரி என்று
தகட்டில் பொறித்திருக்கிறார்கள்.
பாதி ஆக முப்பது வருடம்,
மிச்சப் பதினான்குக்கு இன்னும் கொஞ்சம் கழித்து
நாற்பது கிகாபெக்கரல், எழுதினேன்.
மூடி முத்திரையிட்டதற்கான சான்றிதழ் மாத்திரம் இல்லை.
ஆலையோடு அதுவும் போய்விட்டது.
ஆகவே 'சிறப்பு வடிவம்' என்று எழுத எனக்கு உரிமையில்லை.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து,
ஏ வகைப் பொதி.
தெரியாததைத் தெரிந்ததாக எழுதாதே:
விதிப்புத்தகத்தில் இந்த வரி இல்லை,
ஆனால் எல்லா வரிக்கும் அடியில் இருக்கிறது.

லேபிளும் ஒட்டியாகிவிட்டது.
மேல்பாதி மஞ்சள், கீழே இரண்டு சிவப்புக் கோடு,
எதிரெதிர்ப் பக்கம் ஒவ்வொன்று.

அப்போதுதான் லிடியா ஃபோக்ட்
மூக்குக்கண்ணாடியில் படிந்த உறைபனியைத் துடைத்தபடி
கிடங்கிலிருந்து திரும்பினாள்.
ஒரு மீட்டர் தள்ளி, நாலு பக்கமும், மூன்று முறை.
பெரியதைச் சொன்னாள்.
நூறால் பெருக்கினால்
ஒன்று புள்ளி பூஜ்ஜியம் மூன்று.

ஒன்று வரை இரண்டு கோடு.
ஒன்றைத் தாண்டினால் மூன்று.
பின்னத்தை மேலே தள்ளலாம், கீழே தள்ளக் கூடாது.
ஒன்று புள்ளி ஒன்று.

"மர்ஜான், நூறில் மூன்று!
பேனா கொஞ்சம் நழுவினால் என்ன?"
துலேகென் வாசலில் நிற்கிறார்,
சூரியகாந்தி விதைத் தோலைக் கைக்குட்டையில் சேர்த்தபடி.
இஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாத குளிர்.
மூன்று கோட்டைப் பார்த்தால்
இர்திஷ் பாலத்துச் சாவடிக்காரன்
இரண்டு மணி நேரம் நிறுத்துவான்.
அதற்குள் இருட்டிவிடும்.

நான் புதுப் படிவம் எடுத்தேன். நாலு நகல்.

அவர் குரல் உயரவில்லை.
"எங்கள் அப்பாவின் ஊருக்கு மேலே
ஐம்பத்து மூன்றில் போனதே ஒரு மேகம்,
அதற்கு எந்த லேபிள் ஒட்டினார்கள்?
எத்தனை கோடு?
ஆடுகளுக்கு எவன் படித்துக் காட்டினான்?"

அறையில் கெட்டில் மட்டும் கொதித்தது.
லிடியா கருவியை அணைத்தாள்,
பிறகு ஏனோ மறுபடி போட்டாள்.

அனுப்புநர் என்ற கட்டத்தில் இருந்தது என் பேனா.
அந்த மேகத்தின் சீட்டை மனதில் எழுதிப் பார்த்தேன்.
அனுப்புநர்: தெரியும்.
பெறுநர்: ஊர் ஊராகத் தெரியும்.
அளவு:
கையெழுத்து:
இந்த இரண்டிலும் நின்றுவிட்டேன்.

"தெரியாது, துலேகென் அண்ணே," என்றேன்.
"இதற்குத் தெரியும். மூன்று."

பழைய லேபிளைச் சுரண்டினேன்.
குளிரில் பசை இறுகி
நகத்துக்கு நகம் பிய்ந்து வந்தது.
புதியதை அவரே வாங்கி ஒட்டினார்,
உள்ளங்கையால் நாலு மூலையும் அழுத்தி,
மாவு தட்டுகிற மாதிரி.
சீட்டை மடித்துக் கை எட்டும் இடத்தில்,
கதவுப் பையில், செருகிக்கொண்டார்.
"தீப்பிடித்தால் முதலில் இதை எடு,
அப்புறம் என்னை," என்று
பக்கத்து இருக்கைப் பையனிடம் சொன்னார்.
அவன் சிரிக்கவில்லை.

வண்டி போன தடத்தைப்
பனி கால் மணி நேரத்தில் மூடிவிட்டது.

மாலைப் பேருந்தில் கூட்டம்.
ஆனாலும் என் பக்கத்து இருக்கை காலி.
உட்கார வந்த ஒருவர்
ஒரு கணம் நின்று, கம்பியைப் பிடித்து, நின்றபடியே வந்தார்.
மூன்று நிறுத்தம் கழித்துத்தான் கவனித்தேன்:
கோட்டு முழங்கையில் ஒட்டிக்கொண்டு
அரை லேபிள்,
ஒன்றரைக் கோடு.