மோப்பம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங் கம்பெனிக்கும்
பிஸ்கட் கம்பெனிக்கும் நடுவே
எங்கள் ஆய்வகம், மாடியில் ஒற்றை அறை.
அடுப்பு திறக்கும் நேரம் தெருவே நின்று திரும்புமாம்.
எனக்கு
இரண்டாம் அலையில் போன மூக்கு
இன்னும் வரவில்லை.

கொடுங்கையூர் மொட்டைமாடியிலிருந்து சபூரா பேகம்
கட்டைப்பையில் கொண்டுவந்த தக்காளி வேர்.
முடிச்சு முடிச்சாய், வீங்கிய விரல் மாதிரி.
"தண்ணி ஊத்துறேன், எரு போடுறேன்,
மத்தியானமானா தலை தொங்கிடுதும்மா."
கீறி லென்ஸின் கீழே வைத்தேன்.
உள்ளே குடித்தனம் நடக்கிறது.

குடியேறியவை இனி எதற்கும் வெளியே வராது.
முட்டை உடைத்து மண்ணுக்கு வரும்
குஞ்சுகளைத்தான் பிடிக்க முடியும்.

தட்டின் ஒரு முனையில் அவற்றை விட்டேன்.
மறுமுனையில் பூஞ்சை,
ஊதினால் கலையும் போல் வெள்ளையாய்.
அது பட்டினியில் இருக்கிறது. பட்டினியில்தான்
சமைக்கும்:
முதலில் சாப்பாட்டு வாசனை,
அதன்மேல் கொஞ்சம், பக்கத்தில்
இன்னொரு உடம்பு இருக்கிற வாசனை.
நோட்டில் நான் எழுதுவது ஒரே வரி:
ஈர்ப்பு உண்டு.

ராத்திரி பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போய் வந்தது.
வரும்போது பாதி தூரம் கடந்திருந்தன,
தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி,
சந்தேகப்படுகிறவை போலத்தான்,
ஆனால் முன்னால்.

இத்தனை நேரம் அங்கே வலை கிடையாது.
புழுவின் மோப்பம் எட்டிய பிறகுதான்
பூஞ்சை இழையை வளைத்தது,
வளையத்தோடு வளையம் கோத்துப்
பசை தடவியது.
வருகிறவனே
வாசலில் நூல் கொடுத்துவிட்டு வருகிறான்.

ஒன்று தொட்டது. ஒட்டியது.
ரொம்ப நேரம் துடித்தது, நான் டீ குடித்து வந்த பிறகும்.

பிறகு, செய்யக்கூடாது,
மூடியைத் திறந்து முகத்தை வைத்து
மூச்சை இழுத்தேன்.
ஏசியின் குளிர். அவ்வளவுதான்.

விடியற்காலையில் படி இறங்கும்போது
தெருமுனையில் ஷிப்ட் ஆட்கள் கும்பலாய் நின்று
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நானும் பார்த்தேன். சுவர்.

ஒன்பது மணிக்கு சபூரா போன்:
"அந்தப் பவுடரு நாறுமா மேடம்?
மாடியிலதான் துணி காயப் போடுறோம்."

புழுவைத்தான் கேட்கணும் என்று
வாய்வரை வந்தது.
"பயப்படாம போடுங்க," என்றேன்,
"சாயங்காலமா, ஈர மண்ணுல."