கசிவு

எட்டு மணி நேரம் புகையை விரட்டுவது என் வேலை.
லிந்துலை ஸ்டோரில் ட்ரையர் என் பொறுப்பு.
உலைக்குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும்
தூளில் புகை ஏறிவிடும்,
கொழும்பில் ஒருவன் உறிஞ்சித் துப்புவான்,
லொட் முழுக்கத் திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்தால்
அதே புகையைக் கெஞ்சிக் கூப்பிடுகிறேன்:
வா, இந்தப் பண்டித் தொடைக்குள் வந்து உட்கார்.

தேங்காயெண்ணெய்ப் பீப்பாய்,
தலவாக்கலையில் மூடியை முகர்ந்து பார்த்து வாங்கியது.
லயத்துக்குப் பின்னால், லீக்ஸ் பாத்திக்கும்
கோழிக்கூட்டுக்கும் நடுவே நிற்கிறது.
கதவு வெட்டித் தந்த யோகராசா
கீலைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டான்.
இடக்கையால் திறக்கப் பழகிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு யூக்கலிப்டஸ் விறகு.
இறைச்சி முழுக்க இருமல் மருந்து வாடை.
ஜெனிட்டா ஒரு துண்டைத் தின்றுவிட்டு
நெஞ்சுச்சளிக்கு நல்லது என்றாள்.

இரண்டாவது, ஈர மிலாறு.
மலையேறும் பழைய லொறி போல
வெள்ளையாய்த் தள்ளியது.
மேலே கரி, எலும்போரம் பச்சை ரத்தம்.
நாய் மட்டும் குறை சொல்லவில்லை.

அப்புறம்தான் ட்ரையர்க்காரனாய் யோசித்தேன்.
புகை வரலாம், தங்கக் கூடாது.
அடியில் மூன்று ஓட்டை, அடைக்க மீன் டின் மூடி.
உச்சியில் ஒரு குழாய்.
கதவு விளிம்பில் பழைய உலைக்கயிறு,
கொழுப்பு சொட்ட ரொட்டித் தட்டு.
ஸ்டோரில் கழித்துப்போட்ட மானியில்
கண்ணாடி இல்லை, முள் இருந்தது.
இருநூற்றுப் பத்தில் நிறுத்தினேன்.
இலைக்கு நான் கொடுக்கிற சூடும் அதுதான்,
யோசிக்கும் முன்பே கை அங்கே போயிருந்தது.

மிலாறை இரண்டு மாதம்
கூரைத் தகரத்துக்கு அடியில் காயப்போட்டேன்.
இப்போது மெலிந்த நீலப் புகை,
இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

மிச்சம் பனிதான்.
மூன்று மணிக்கு மலையிலிருந்து இறங்கி
குழாய்வாயை உள்ளங்கையால் பொத்திவிடும்.
மேலே போக முடியாத புகை
பேச்சியின் கொடிக்குப் போகும்,
அவள் மகனின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் போகும்.
ஒருநாள் சட்டையோடு வந்து
என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
ஒன்றும் பேசவில்லை.
குழாயை இரண்டு முழம் உயர்த்தினேன்.
அதுவும் யோகராசாதான், அதுவும் சாய்ந்துதான் நிற்கிறது.

போயாவுக்கு முந்தின நாள் வாங்கிய இறைச்சி.
உப்பு, மிளகு, அரைத்த கொறுக்காயில்
ஒரு ராத்திரி ஊறியது.
காலை ஆறு மணிக்கு ஏற்றி
பின்னேரம் நாலுக்கு எலும்பைத் திருகினேன்,
சொன்ன பேச்சுக் கேட்டு
வெறும் எலும்பாய்க் கையோடு வந்தது.
ஜெனிட்டா இரண்டாந்தரம் தட்டை நீட்டினாள்.
இருட்டிய பிறகு, கோழிக்கூட்டுப் பக்கமாக,
மூடி போட்ட கிண்ணத்தோடு
பேச்சியின் புருஷன் வந்தான்.
அவர்கள் வீட்டில் பண்டி ஆகாது.
அவளிடம் சொல்லிவிடாதே என்றான்.

மறுநாள் இரவு முறை.
டீமேக்கர் ரணவீர ட்ரையர் வாயில் நின்று
மூக்கைத் தூக்கினார்.
ஒரு பிடி தூளை முகர்ந்தார்,
தள்ளிப் போய்த் திரும்ப முகர்ந்தார்.
எங்கேயோ லீக் என்றார்.

உலையைத் தணித்தோம்.
முழங்காலில் தவழ்ந்து
குழாய் குழாயாய்த் தட்டிப் பார்த்தார்,
ஒரு மணி நேரம்.
நான்தான் டோர்ச் பிடித்தேன்,
சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு,
காற்று அவரிடமிருந்து
என் பக்கமாக வரும்படி
இடம் பார்த்து நின்று.