எட்டாவது துளை

வோர்ம்சி தீவுக்குப் போகும் சாலைக்காக
உறைந்த கடலில் எட்டுத் துளை போட்டேன்.
முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பது,
முப்பத்துநான்கு...
சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகளாய் ஏழு.
எட்டாவதில் துளைப்பான் சட்டென்று கீழிறங்கியது:
பதினாறு சென்டிமீட்டர்.

தொலைபேசியில் தூமாஸ்:
"மைரே, சராசரி எவ்வளவு?"
"முப்பது."
"இருபத்திரண்டு போதுமே. திறந்துவிடு."

கணக்கில் பிழையில்லை.
ஏழு துளைகளின் மிச்சம் பதினான்கு,
எட்டாவதன் குறை பதினான்கு.
கூட்டினால் பூஜ்யம்; கடன் தீர்ந்தது.
ஆனால் கடன் கொடுத்த பனி
ஓரடிகூட நகர்ந்து போய்
அந்தப் பள்ளத்தில் படுக்கவில்லை.

கையுறையைக் கழற்றினேன்.
முப்பதிலிருந்து விலகிய ஒவ்வொன்றையும்
அதனாலேயே பெருக்கினேன்.
வர்க்கத்துக்குள் கழித்தல் குறி ஒளிய இடமில்லை.
ஒன்று, ஒன்பது, பதினாறு என
மற்றவை முணுமுணுக்க
எட்டாவது அலறியது: நூற்றுத் தொண்ணூற்றாறு!
திட்ட விலக்கம் ஐந்தரைக்குச் சற்றே கீழே.
விரல் மரத்துப்போய்
கடைசி இலக்கம் கோணலாக விழுந்தது.

சுற்றுவழியில் மேலும் ஆறு துளை.
எல்லாம் முப்பதை ஒட்டியே.
ஜூனிப்பர் கிளைகளை நட்டுச்
சாலையை அங்கே வளைத்தேன்.

மூன்று மணிக்கு அஞ்சல் வண்டியில் ஐனார் வந்தான்.
பனிமேல் இருக்கைப் பட்டை கூடாது,
உடைந்தால் குதிக்க வேண்டும்.
பட்டையைக் கழற்றிக் கண்ணாடியை இறக்கினான்:
"போன வாரம்வரை நேராகத்தானே இருந்தது,
எதற்கு இந்த வளைவு?"

"ஐந்தரை" என்றேன்.

மணி என்று நினைத்தானோ என்னவோ,
கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
வளைந்து போனான்.